உப்பளத்துக்கு மேலே 30 மீட்டர்

ட்ரோன் வாங்கிய முதல் ஆறு மாதத்தில் எடுத்த படங்களை ஒரு ஹார்ட் டிஸ்கில் தனியாக வைத்திருக்கிறேன். போன வாரம் அதைத் திறந்து பார்த்தேன். கண்மாய், கோபுரம், தேரிக்காடு, காற்றாலை வரிசை, மணப்பாடு கடற்கரை என்று எல்லாம் இருக்கின்றன. இடங்கள்தான் வேறு வேறு, படம் ஒன்றேதான். மேலே பாதி வானம், கீழே பாதி தரை, நடுவில் எங்கோ சின்னதாக நான் எடுக்க நினைத்த பொருள். எல்லாமே 120 மீட்டரில் எடுத்தவை. மேலே போக முடிகிறது என்ற சந்தோஷத்தில் போகக்கூடிய உயரம் வரைக்கும் போய்விடுவேன். அங்கே நின்று ஒரு சுற்று சுற்றி, படபடவென்று எடுத்துவிட்டு இறக்கிவிடுவேன்.

தூத்துக்குடி மாவட்டத்தில் விளாத்திகுளம் பக்கம் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடைதான் பிழைப்பு. 2021-ல் வாங்கிய ட்ரோன், எடை 249 கிராம். 12 மெகாபிக்சல். 24 மில்லிமீட்டருக்குச் சமமான லென்ஸ். எஃப் 2.8-ஐ விட்டு நகராத அபெர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை. இன்று கிடைக்கும் மாடல்களோடு ஒப்பிட்டால் சின்ன கேமரா. ஆனாலும் என் படங்கள் மாறியது இதே கேமராவில்தான். மாற்றம் நடந்த இடம் வேப்பலோடை உப்பளம்.

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் நம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடிக் கரையில் விளைகிறது. இங்கே பல அளங்களில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்துதான் உவர்நீரை இறைக்கிறார்கள். அது பாத்திக்குப் பாத்தி மாறி, வெயிலில் காய்ந்து, செறிவு ஏறி, கடைசிப் பாத்தியில் உப்பாக உறையும். அந்தச் செறிவை அளக்கும் போமே அளவில் 25 டிகிரியைத் தொட்டால் உப்பு இறங்கத் தொடங்கும். செறிவு ஏறஏற அந்த நீரில் வாழும் நுண்ணுயிர்களும் மாறும், அதனால் நிறமும் மாறும். தெளிந்த நீர், பாசிப் பச்சை, பழுப்பு, அப்புறம் ரோஜா நிறம், சில சமயம் செங்கல் சிவப்பு. மேலிருந்து படம் எடுக்கிறவனுக்கு இதைவிட நல்ல நிலம் எங்கே கிடைக்கும்? அப்படி நினைத்துத்தான் ஒரு பங்குனி மாதக் காலையில் ஒன்பதரை மணிக்கு அங்கே போய் நின்றேன்.

வழக்கம்போல 120 மீட்டர். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் உப்பு சாம்பல் நிறத்தில் இருக்கிறது. வாரிக் குவித்த உப்பு அம்பாரங்கள் புள்ளிகளாகத் தெரிகின்றன. உப்பு வாரிக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு பேர் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஏன் இப்படி ஆகிறது என்று அன்று ராத்திரி உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். அதை எல்லோருக்கும் சொல்ல ஆசை, ஏனென்றால் எனக்கு யாரும் சொல்லவில்லை.

24 மில்லிமீட்டர் லென்ஸை நேர் கீழாகத் திருப்பினால், உயரத்தைப் போல ஏறக்குறைய 1.44 மடங்கு அகலமான தரை படத்தில் விழும். 120 மீட்டரில் அது 173 மீட்டர். படத்தின் அகலம் 4,000 பிக்சல் என்றால், ஒரு பிக்சலுக்கு நாலு சென்டிமீட்டருக்கும் மேல் தரை. மேலிருந்து பார்க்கும்போது ஓர் ஆளின் தோள் அகலம் அரை மீட்டர் இருக்குமா? அப்படியானால் அந்த ஆள் மொத்தமே 12 பிக்சல். எந்த எடிட்டிங் வந்தாலும் 12 பிக்சலில் ஒரு மனிதரைக் காட்ட முடியாது. அதே கேமராவை 30 மீட்டருக்கு இறக்கினால் படத்தில் விழும் அகலம் 43 மீட்டர்தான். இப்போது அவர் 46 பிக்சல். தலையில் கட்டிய துண்டு தெரிகிறது. கையில் இருக்கும் பலகை தெரிகிறது. பலகை உப்பில் இழுத்த கோடு தெரிகிறது.

அன்றிலிருந்து முதலில் 30 மீட்டரில் நிறுத்துகிறேன். தேவைப்பட்டால் மட்டும் ஏறுகிறேன். நான் வைத்துக்கொண்ட படங்களில் பெரும்பாலானவை 15 முதல் 40 மீட்டருக்குள் எடுத்தவை.

ஆனால் உயரத்தைவிடப் பெரிய விஷயத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்த அளத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா.

இரண்டாம் தடவை போனபோது தாழ்வாகப் பறக்கவிட்டேன். சத்தம் கேட்டு எல்லோரும் நிமிர்ந்தார்கள். இரண்டு பெண்கள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். ஒருவர் வரப்பு வழியாக நேராக என்னிடம் நடந்து வந்தார். ஐம்பது வயது இருக்கும். கண்கள் சிவந்திருந்தன. வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் அந்த வேலையில் கண்ணை எப்படிப் பாதிக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

"தம்பி, அந்தா நிக்கே, அது நீங்க விட்டதா?"

"ஆமாக்கா."

"எங்கள படம் புடிக்குதா?"

"ஆமாக்கா."

"ஒரு வார்த்தை கேக்கணும்லா தம்பி."

உடனே இறக்கிவிட்டேன். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அந்த வார்த்தை இன்னும் மனசில் இருக்கிறது. அன்று படம் எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்து பேசினேன். கங்காணி அண்ணாச்சி வந்தார். முந்தின வாரம் எடுத்த படங்களைப் போனில் காட்டினேன். படம் போடட்டுமா, பிரிண்ட் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். முகம் தெரியாமல் எடுக்கச் சொன்னார்கள் சிலர். தெரிந்தால் என்ன என்றார்கள் சிலர். யார் யார் என்ன சொன்னார்கள் என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் 30 மீட்டரில் எடுத்த ஒரு படத்தை 12-க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன். நான்கு பாத்திகள், நடுவில் சிலுவைபோல வரப்புகள், ஓர் ஓரத்தில் இரண்டு பேர். எனக்குப் பிடித்த படம், கோடுகளும் நிறங்களும் நன்றாக அமைந்திருந்தன. அந்த அக்கா படத்தை வாங்கி, வெயிலுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்று, ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் ஒரு மூலையில் விரலை வைத்து, "அண்ணாச்சி, இங்க ஒழுவுது பாருங்க" என்றார். வரப்பில் ஒரு முழ நீளத்துக்கு நிறம் கொஞ்சம் கருத்திருந்தது. பக்கத்துப் பாத்தியில் அதே இடத்திலிருந்து விசிறிபோல ஒரு மெல்லிய வெளிறல். நண்டு பறித்த வளையாக இருக்கும் என்றார் அண்ணாச்சி. செறிவு குறைந்த நீர், உப்பு இறங்கும் பாத்திக்குள் கசிந்துகொண்டிருந்தது. அன்றைக்கே மண் வைத்து அடைத்தார்கள்.

அந்தப் படத்தை நூறு தடவை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். அந்தக் கறுப்பும் தெரிந்துதான் இருந்தது. எடிட் செய்யும்போது அதை அழுக்கு என்று நினைத்து அழித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அந்த இடத்திலேயே உழைக்கிறவருக்கு அது சேதி. அன்றைக்குப் பிறகு என் படங்களுக்கு ஒரே ஒரு சோதனைதான். அந்த இடத்தை அறிந்தவர் இதைக் கையில் வாங்கினால், அவர் வாசிக்க இதில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால்தான் படத்தை வைத்துக்கொள்கிறேன்.

இதனால் வேலை செய்யும் முறையே மாறியது. இப்போது புது இடத்துக்குப் போனால் முதல் நாள் ட்ரோனை வண்டியிலிருந்து எடுப்பதே இல்லை. நடக்கிறேன். எந்தப் பாத்தி எத்தனை டிகிரியில் இருக்கிறது, எதில் நாளைக்கு வாருவார்கள், வாரிய உப்பு எந்த வரப்பில் சேரும், லாரி எந்தப் பக்கம் நிற்கும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாளைக்கு இந்தப் பாத்தியில் வாரல் என்று தெரிந்தால், நாளைக் காலை அதன் பாதி வெள்ளையாகவும் மறுபாதி ரோஜாவாகவும் இருக்கப்போகிறது என்று இன்றே தெரிந்துவிடும். நடுவில் ஓர் ஆள் நிற்பார், அவருக்குப் பின்னால் சுத்தமான கோடு. அந்தப் படம் சுமார் இருபது நிமிடம்தான் இருக்கும். காத்திருந்தால்தான் கிடைக்கும். பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்காது என்பதால், வானத்தில் வைத்துத் தேடிக்கொண்டிருக்க முடியாது. தேடல் தரையில் நடக்க வேண்டும்.

சரி, வெளிச்சத்துக்கு வருகிறேன்.

குளிர் நாடுகளில் எடுக்கப்பட்ட பாடங்களைப் பார்த்து, காலையில் இரண்டு மணி நேரம் பொன் வெளிச்சம் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நம் ஊரில் அப்படிக் கிடையாது. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக மேலே ஏறும், மணிக்கு 15 பாகை கணக்கில். 15 பாகையில் இருக்கும்போது ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப் போல 3.7 மடங்கு. ஐந்தேகால் அடி ஆளுக்கு 19 அடி நிழல். இன்னும் ஒரு மணி நேரம் போனால் நிழல் இரண்டு மடங்கைவிடவும் குறைந்துவிடும். அதனால் பங்குனி, சித்திரையில் எனக்குக் கிடைப்பது விடிந்ததிலிருந்து ஏழரை மணி வரை. உப்பளத்துக்காரர்கள் வெயிலுக்கு அஞ்சி இருட்டிலேயே வேலைக்கு வந்துவிடுவதால் இது பொருந்திப்போகிறது.

நேர் கீழாகப் பார்க்கும் படத்துக்கு நிழல்தான் உயிர். மேலிருந்து பார்த்தால் மனிதர் வெறும் தலையும் தோளும். அவர் குனிந்திருக்கிறாரா, பலகையை இழுக்கிறாரா, தலையில் கூடை இருக்கிறதா என்பதெல்லாம் நிழலில்தான் தெரியும். அம்பாரத்தின் உயரமும் அப்படித்தான். நிழல் இல்லையென்றால் அது ஒரு வெள்ளை வட்டம். எடுத்த படத்தை நிழல் நிமிர்ந்து நிற்கும்படி தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். சில படங்களில் நிழல்கள் ஆட்களாகவும், ஆட்கள் அவர்களின் கால்நுனிகளாகவும் மாறிவிடுவார்கள்.

பத்து மணிக்கு மேல் நேர் கீழ்ப் படத்தில் இன்னொரு தொல்லை வரும். பாத்தி நீர் அசையாத கண்ணாடி. சூரியன் 50 பாகைக்கு மேல் ஏறியதும் அதன் பிம்பம் படத்தின் மூலையில் எட்டிப் பார்க்கும். உச்சி நோக்கி ஏறஏற அது நடுவுக்கு நகரும். தூத்துக்குடியில் ஏப்ரல் நடுவாக்கிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நிழலில்லா நாள் வருகிறது. அந்த நாட்களின் நண்பகலில் பிம்பம் சரியாகப் படத்தின் மையத்தில் எரிந்துகொண்டிருக்கும். அதை எந்த எடிட்டிங்கும் காப்பாற்றாது. ஆகவே நடுப்பகலில் ஈரமான இடங்களை எடுப்பதில்லை. காய்ந்த உப்பு, மண், பனை என்றால் மட்டும் எடுக்கலாம்.

உப்பு ஏன் சாம்பலாக விழுந்தது என்பதற்கும் விடை கிடைத்தது. கேமரா தன் முன்னால் இருப்பதை நடுத்தர வெளிச்சமாக ஆக்கப் பார்க்கும். படம் முழுக்க வெள்ளை உப்பு என்றால் அதையும் நடுத்தரமாக்கிச் சாம்பலாக்கிவிடும். பனிமலையில் படம் எடுப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான், நமக்கு உப்பு. உப்பு நிறைந்த படத்துக்கு வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் கூட்டுகிறேன் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). இருண்ட நீர் நிறைந்த படத்துக்குக் கால் ஸ்டாப் குறைக்கிறேன். வெயிலில் ரிமோட் திரையை நம்பக் கூடாது, படத்தில் வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராமை மட்டும் நம்பலாம். அம்பாரத்தின் வெயில் பட்ட முகம் எரிந்துபோகாமல் இருந்தால் போதும். மற்றதை, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் மீட்டுவிடலாம். ஜேபெக் மட்டும் எடுத்தால் மீட்க முடியாது, இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. சென்சாரின் உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவில் 100-ஐ விட்டு ஏறுவதில்லை. இந்தச் சின்ன சென்சாரில் 400 போனாலே நீர்ப்பரப்பில் புள்ளிகள் மொய்க்கும்.

வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சமன்படுத்தும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டது நான் நீண்ட நாள் செய்த தவறு. ரோஜா நிறப் பாத்தி படம் முழுவதையும் நிறைத்தால், கேமரா அதை வெளிச்சத்தின் நிறம் என்று எண்ணிச் சமன்படுத்திவிடும். நேரில் பார்த்த நிறம் படத்தில் இருக்காது. அடுத்த படத்தில் கொஞ்சம் உப்பு வந்தால் வேறு நிறம். இப்போது 5,500 கெல்வினில் பூட்டிவிடுகிறேன். பல படங்களைச் சேர்த்து ஒட்டப்போகிறோம் என்றால் எக்ஸ்போஷரையும், அதாவது வெளிச்ச அளவையும், பூட்டிவிட வேண்டும். இல்லையென்றால் ஒட்டிய இடத்தில் பட்டை பட்டையாகத் தெரியும்.

போலரைசர் ஃபில்டர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நீரைப் படம் எடுக்கிறவர்களுக்கு அது அவ்வளவு முக்கியம். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வானத்தின் பளபளப்பை அது வெட்டும், அடியில் இருக்கும் நிறம் வெளியே வரும். ஆனால் எல்லாக் கோணத்திலும் வெட்டாது. நேர் கீழாகப் பார்க்கும்போது கிட்டத்தட்ட ஒன்றுமே செய்யாது, வெளிச்சத்தில் ஒரு ஸ்டாப்புக்கு மேல் தின்றுவிட்டுச் சும்மா இருக்கும். நீரின் மேல் அது முழுமையாக வேலை செய்வது கேமரா தொடுவானத்திலிருந்து 37 பாகை கீழே பார்க்கும்போது. கேமராவைத் தாங்கிப் பிடிக்கும் கிம்பலின் கோணம் ரிமோட் திரையில் தெரியும், 35 முதல் 40-க்குள் வைத்தால் பாத்தியின் நிறம் திடீரென்று திறந்துகொள்ளும். முதல் தடவை அதைப் பார்த்தபோது கை அப்படியே நின்றுவிட்டது.

பறக்கும்போது ஃபில்டரைச் சுழற்ற முடியாதே என்று பலர் கேட்கிறார்கள். தேவையில்லை. நீரில் பட்டுத் திரும்பும் பளபளப்பு எப்போதும் கிடைவாக்கில்தான் முனைப்பட்டிருக்கும். கிம்பலும் கேமராவை எப்போதும் சமமாகப் பிடித்திருக்கும். ஆகவே வரப்பில் நின்று ட்ரோனைக் கையில் பிடித்து, கேமராவை நீரின் பக்கம் சாய்த்து, பளபளப்பு மறையும் வரை ஃபில்டரைத் திருகி வைத்துவிட்டால் போதும். மேலே போய் எந்தத் திசையில் திரும்பினாலும் நீருக்கு அது சரியாகவே இருக்கும். வானத்துக்கு மட்டும் பொருந்தாது. ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் வெளிறல் என்று திட்டுத்திட்டாக விழும். அதனால் தொடுவானம் வரும் படத்துக்கும், பனோரமாவுக்கும் கழற்றிவிடுகிறேன்.

படத்தின் கட்டமைப்புக்கு நான் பெரிதாக விதி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ஒன்று மட்டும். ஆளைப் படத்தின் நடுவில் வைப்பதில்லை, மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் வைக்கிறேன். 30 மீட்டர் உயரத்தில் அப்படி வைத்தால் ட்ரோன் அவர் தலைக்கு நேர் மேலே இல்லாமல் ஏழு மீட்டர் தள்ளி இருக்கும். ஒரு மோட்டார் நின்றுபோனால்கூட அவர் மேல் நேராக விழாது. அழகுக்குச் சொன்ன விதி பாதுகாப்புக்கும் உதவுவது எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் நடக்கும் பாதையின் மேலும் நிறுத்தாமல் பார்த்துக்கொள்வேன்.

காற்று. இதில்தான் ஒரு தடவை ட்ரோனையே இழந்திருப்பேன்.

ஆனி மாதம். எங்கள் பக்கம் கச்சான் காற்று அடிக்கும் காலம், மேற்கிலிருந்து கடலை நோக்கி. காலையில் அவ்வளவாகத் தெரியவில்லை. கிழக்கே கடலோரப் பாத்திகளை எடுக்க 80 மீட்டர் உயரத்தில் அனுப்பினேன். சுளுவாகப் போனது. நன்றாகப் பறக்கிறது என்று நினைத்தேன், காற்று தள்ளிக்கொண்டு போனதை உணரவில்லை. 800 மீட்டர் தள்ளி நிறுத்திப் பத்து நிமிடம் படம் எடுத்துவிட்டுத் திருப்பினால், தூரம் குறையவே மாட்டேன் என்கிறது. சாதாரண வேகத்தில் அது நொடிக்கு 10 மீட்டர் போகும். எதிர்க்காற்று 8 மீட்டர் என்றால் கையில் மிஞ்சுவது 2. அப்படிப் பார்த்தால் 800 மீட்டருக்கு ஏழு நிமிடம் வேண்டும். எதிர்க்காற்றில் மோட்டார்கள் முக்கும்போது பேட்டரி சாதாரணத்தைவிட வேகமாக இறங்கும். பின்னால் கடல்.

இரண்டு காரியம் செய்தேன். உயரத்தை 15 மீட்டருக்குக் குறைத்தேன், தரைக்குப் பக்கத்தில் காற்று எப்போதும் மெலிந்திருக்கும். வேகத்தை ஸ்போர்ட் முறைக்கு மாற்றினேன். கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. என்னிடம் வந்து சேரும்வரை பொறுக்காமல், வழியில் இருந்த ஓர் அகலமான வரப்பில் இறக்கிவிட்டு ஓடிப்போய் எடுத்தேன். பேட்டரியில் 9 சதவீதம்.

அதிலிருந்து முதலில் காற்றுக்கு எதிராகத்தான் அனுப்புகிறேன். திரும்பி வரும்போது காற்றே கொண்டுவந்து சேர்க்கும். மேலே ஏற்றியதும் அரை நிமிடம் சும்மா நிறுத்தி, எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று பார்க்கிறேன். 35 சதவீதத்தில் திருப்பிவிடுகிறேன். இன்னொன்று, தானாகத் திரும்பும் உயரத்தை 100 மீட்டர் என்று வைத்திருந்தால், கச்சான் காலத்தில் அது நேராகப் பலத்த காற்றுக்குள் ஏறிப் போராடும். உப்பளத்தில் உயரமான மரமோ கோபுரமோ இல்லை என்று நடந்து பார்த்து உறுதி செய்துகொண்டு 40 மீட்டர் வைக்கிறேன். வேறு ஊருக்குப் போனால் மறக்காமல் மாற்ற வேண்டும். காற்றின் குணத்தைக் கேட்டுக்கொள்ள மீன்பிடிக்கப் போகிறவர்களைவிட நல்ல ஆள் இல்லை. தருவைகுளத்தில் ஒரு பெரியவர் காலை ஆறு மணிக்குக் கடலைப் பார்த்து, எட்டு மணிக்கு மேல் பறக்கவிடாதே என்றார். எட்டேகாலுக்குக் காற்று ஏறியது.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. பம்ப்செட் அறையின் கான்கிரீட் மேடையிலிருந்து ட்ரோனைக் கிளப்பக் கூடாது. உள்ளே இருக்கும் கம்பியும் பக்கத்து மோட்டாரும் திசைகாட்டியைக் குழப்பும். உப்புத் தரையில் நேராக இறக்கினால் பொடி மோட்டாருக்குள் போகும், ஒரு சாக்குத் துண்டை விரித்துக்கொள்வது நல்லது. வீட்டுக்கு வந்ததும் லேசாக ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, சிலிக்கா பொட்டலத்தோடு பெட்டியில் வைக்கிறேன். உப்புக்காற்று கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருப்பதால், கெட்டுப்போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கே இடம் இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2021-ல் வந்த ட்ரோன் விதிகள்படி 250 கிராம் வரை உள்ள ட்ரோனுக்குப் பைலட் உரிமம் வேண்டாம். அதனால் எங்கும் பறக்கலாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர், அது தவறு. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வான்பகுதி பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சையில் 120 மீட்டர் வரை போகலாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 60 மீட்டர்தான். 5 முதல் 8 கிலோமீட்டர் மஞ்சள், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். எங்களுக்கு வாகைக்குளம் விமான நிலையம் இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது. தெற்கே போனால் கூடங்குளம். ஒவ்வொரு தடவையும் கிளம்பும் முன் வரைபடத்தைப் பார்த்துவிடுகிறேன். 30 மீட்டரில் வேலை பார்க்கப் பழகிவிட்டால் உயரக் கட்டுப்பாடு பாரமாகவே தெரியாது.

பூநாரைகளைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு இன்னும் வருத்தம் வரும். மாசி மாதம், ஆழமில்லாத உவர்நீர்ப் பரப்பில் நூற்றுக்கும் மேல் நின்றன. மேலிருந்து எடுத்தால் எப்படி இருக்கும் என்ற ஆசையில் 60 மீட்டரில் மெதுவாகக் கொண்டுபோனேன். அதுவரை தலையைத் தண்ணீருக்குள் விட்டு மேய்ந்துகொண்டிருந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் கழுத்தை நீட்டி நிமிர்ந்தன. ஒரே பக்கமாக நடக்க ஆரம்பித்தன. அதுவே எச்சரிக்கை என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் பத்து மீட்டர் நகர்த்தினேன், மொத்தமும் எழும்பிவிட்டது. படம் கிடைத்தது. வெள்ளையும் சிவப்புமாக இறக்கைகள், கீழே சிதறும் நீர். பார்த்தவர்கள் எல்லாம் அருமை என்றார்கள். அந்தப் பறவைகளை அறிந்த ஒரு நண்பர் மட்டும், இவை பயந்து பறக்கின்றன, மேய்ச்சல் கெட்டது என்றார். என் சோதனையில் அந்தப் படம் தோற்றுவிட்டது. அறிந்தவர் வாசித்தால் அதில் இருந்தது என் ட்ரோனின் தொந்தரவு மட்டும்தான். அழித்துவிட்டேன். பறவைகள் இருக்கும் நீரின் மேல் இப்போது பறக்கவிடுவதில்லை. மன்னார் வளைகுடாத் தீவுகள் பக்கமும் அப்படியே. பருந்து வட்டமிட்டால் உடனே இறக்கிவிடுகிறேன்.

இந்த வருடம் புரட்டாசியின் கடைசி வாரத்தில் வேப்பலோடைக்குப் போனேன். மழை எப்போது வேண்டுமானாலும் வரும் என்பதால் மிச்ச உப்பை வாரிக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். அம்பாரங்களின் மேல் ஓலை ஏறிக்கொண்டிருந்தது. அக்காவிடம் கேட்டுவிட்டு, 25 மீட்டரில் மூன்று படம் மட்டும் எடுத்தேன். பாதி மூடிய ஓர் அம்பாரம், மேலே நிற்கும் இரண்டு பேர், கீழே வாரி முடித்த பாத்தியில் பலகை இழுத்த நூற்றுக்கணக்கான கோடுகள். ட்ரோனை இறக்கி, திரையில் காட்டினேன். அக்கா இரண்டு விரலால் பெரிதாக்கி, கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்தப் பக்கம் நான் வாருனது" என்றார். "அந்தப் பக்கம் இருக்கே, அது புதுசா வந்த புள்ள வாருனது. பாருங்க, எங்கெல்லாம் நின்னு நின்னு இழுத்திருக்கான்னு."

ஒரு பக்கக் கோடுகள் வரப்பு முதல் வரப்பு வரை நீண்டு போயிருந்தன. மறுபக்கம் ஐந்தாறு அடிக்கு ஒரு தடவை உடைந்து உடைந்து இருந்தன. அந்தப் பெண்ணுக்கும் ஒரு பிரிண்ட் போடச் சொன்னார். தை பிறந்து பாத்தி கட்டும்போது கொண்டுபோகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.